சூரியன் வீட்டுச் சொத்து

வெயிலூர் என்று ஒரு நாடு. பெயருக்குத் தகுந்த வெயில். அதை ஆண்ட சேந்தமாறன் தன்னைச் சூரிய வம்சம் என்று சொல்லிக்கொள்வான். தாத்தாவின் அப்பா யார் என்று கேட்டால் விழிப்பான். அதற்கும் முன்னால் சூரியன்தான் என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே கிடையாது.

ஒருநாள் சபையில் கேட்டான். "நம் பாட்டனார் தினமும் தலைக்கு மேலே போய்வருகிறார். அவர் எதனால் ஆனவர் என்று யாருக்காவது தெரியுமா?"

பொக்கிஷ மந்திரி தாண்டவராயர் எழுந்தார். அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஏனென்றால், தெரியாது என்று அவர் சொன்னதே இல்லை.

"சொக்கத் தங்கம், மகாராஜா. உருண்டை சிதறாமல் இருக்க இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறது. பூமியில் உள்ள தங்கமெல்லாம் அங்கிருந்து உதிர்ந்ததுதான். ஆகவே ஊரார் போட்டிருக்கும் நகையெல்லாம் தங்கள் பூர்வீகச் சொத்து."

மன்னன் முகம் மலர்ந்துவிட்டது. உடனே பறையறைந்தார்கள். சூரியன் எதனால் ஆனதோ, அது யாரிடம் இருந்தாலும் அரசனுக்குச் சொந்தம். பொங்கலன்று பொழுது சாய்வதற்குள் தங்கத்தையெல்லாம், தாலி உட்பட, அரண்மனையில் கொண்டுவந்து கொட்ட வேண்டும்.

சபையில் வேம்பையன் என்று ஒரு வாயாடி இருந்தான். மன்னனைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி செண்பகம் பிடித்துக்கொண்டாள்.

"உங்க ராஜாவுக்குப் பாட்டன் மேல பாசம்னா என் கழுத்துல எதுக்குக் கை வைக்கணும்? எவனாவது தாலியத் தொட வந்தா கையைக் கடிச்சிருவேன், சொல்லிட்டேன்."

வேம்பையனுக்கு அவளைத் தெரியும். அவள் கடித்தாலும் கடிப்பாள். கடித்தால் அவளைச் சிறையில் போடுவார்கள்.

பொங்கல் வந்தது. கோயில் முற்றத்தில் சூரியனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலை மன்னனே தன் கையால் அள்ளிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். அகப்பையும் கையுமாக அவன் நின்றான். நெய் மணம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. காவலர்கள் கயிறு கட்டி ஜனங்களை வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் ஒரு கையில் கிண்ணத்தோடும், மறு கையால் கழுத்துத் தாலியை இறுகப் பிடித்தபடியும் நின்றார்கள்.

வேம்பையன் முன்னால் வந்தான். "மகாராஜா, சூரியன் தங்கம் இல்லை. அங்கே இருக்கும் சூட்டுக்குத் தங்கம் என்றைக்கோ உருகி நம் தலையில் கொட்டியிருக்கும். அது வெறும் வாயு. கொதிக்கிற வாயு."

"போய்ப் பார்த்தாயோ?" என்றார் தாண்டவராயர்.

"நீங்கள் இரும்புப் பட்டையைப் பார்க்கப் போனீர்களே, உங்கள் பின்னாலேயேதான் வந்தேன்."

மன்னன் குறுக்கிட்டான். "வாயு என்றால் கலைந்து போகாதா? எது அதைக் கட்டி வைத்திருக்கிறது?"

"யாரும் கட்டவில்லை. லேசான வாயுதான். ஆனாலும் கணக்குவழக்கில்லாமல் சேர்ந்துவிட்டதால் அதற்குப் பெரிய எடை. எல்லாம் நடுவை நோக்கி விழப் பார்க்கிறது. அந்த இழுப்பே போதும்."

"உளறாதே. கட்டாத எதுவும் சிதறும்," என்றார் மந்திரி. "இந்தக் கயிற்றை அவிழ்த்தால் இந்த ஜனம் திசைக்கு ஒருவராகப் போய்விடாதா?"

"அவிழ்த்துப் பார்ப்போம். சிதறினால் எனக்கு மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றுங்கள். சிதறாவிட்டால் தாலிகளை விட்டுவிடுங்கள்."

மன்னனுக்குக் கழுதை ஊர்வலம் என்றால் கொள்ளை ஆசை. "அவிழ்" என்றான்.

அவிழ்த்தார்கள். அவ்வளவுதான். நான்கு பக்கமிருந்தும் ஜனம் பானையின் மேல் பாய்ந்தது. கண்மூடித் திறப்பதற்குள் ஊரே ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டது. நடுவில் மன்னன்.

"வேம்பையா, நசுங்குகிறேன்," என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

மன்னன் பயத்தில் சுடச்சுடப் பொங்கல் ஒட்டியிருந்த அகப்பையைச் சுழற்றினான். முன்னால் இருந்தவர்கள் சூடு பட்டுப் பின்வாங்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் அவர்களை முன்னால் தள்ளினார்கள். கூட்டம் நசுங்கிப் போகவும் இல்லை, கலைந்து போகவும் இல்லை.

வேம்பையன் மண்டபத்துப் படியில் ஏறி நின்று கத்தினான். "கவனியுங்கள், மகாராஜா. கயிறும் இல்லை, பட்டையும் இல்லை. எடை உள்ளே அமுக்குகிறது. சூடு வெளியே தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரி. சூரியனும் இவ்வளவுதான்."

"புரிந்துவிட்டது. என்னை வெளியே எடு."

"நடுவில் இருப்பது வெளியே வர நேரமாகும், மகாராஜா. சூரியனிலும் அப்படித்தான்."

பானை காலியான பிறகே மன்னன் வெளியே வந்தான். கிரீடத்தில் பொங்கல். ஒரு காலில் மட்டும் செருப்பு. "பாட்டனார் வாயுதான். தாலி தப்பியது," என்றான்.

தாண்டவராயர் விடுவாரா? "பறையறைந்த ஆணையை வாபஸ் வாங்கினால் அக்கம்பக்கத்து ராஜாக்கள் சிரிப்பார்கள், மகாராஜா. சூரிய வம்சத்துக்கே இழுக்கு."

மன்னன் தயங்கினான். பெண்களின் கைகள் மறுபடியும் கழுத்துக்குப் போயின. செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

வேம்பையன் அவசரமாகக் கையைக் கூப்பினான். "மந்திரியார் சொல்வது நியாயம். ஆணையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். சூரியன் எதனால் ஆனதோ, அது யாரிடம் இருந்தாலும் அரசனுக்குச் சொந்தம். வாயு இல்லாத குடிமகன் இந்த நாட்டில் யார் இருக்கிறான்? எல்லோரும் வந்து செலுத்தட்டும். மந்திரியார் பக்கத்திலேயே உட்கார்ந்து வசூல் செய்யட்டும்."

முதலில் செண்பகம் சிரித்தாள். அப்புறம் மன்னன் சிரித்தான். கிரீடம் கழன்று விழும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டுவிட்டு, "அப்படியே ஆகட்டும்," என்றான்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் தாண்டவராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலூர் சரித்திரத்திலேயே முதல்முறையாக, யாரும் விரட்டாமல், கயிறும் கட்டாமல், ஜனங்கள் தாங்களாகவே வரிசையில் நின்று வரி கட்டினார்கள்.