நீர்க்காகம் நெய்யைக் கழுவிய கதை

அந்தக் காலத்தில் பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. நீர்க்காகத்தின் இறகில் அப்போது நெய் இருந்தது. வாலடியில் ஊறும் நெய்யை அலகால் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். ஏரியின் அடிவரை மூழ்கி எழுந்தாலும் ஓர் உதறலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். ஈரம் என்பதே அறியாமல் நேரே வானத்தில் ஏறிப் பறக்கும்.

கருவேல மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய ஏரியில் மருதன் என்ற நீர்க்காகம் தன் மனைவி ஆம்பலோடு வாழ்ந்துவந்தான். அந்த ஏரிப் பறவைகளுக்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய நத்தைக்குத்தி நாரை அந்தக் கோடையில் செத்துப்போனது. அதற்கு உடம்பு வெள்ளை, சிறகு கறுப்பு. உயிரோடு இருந்தவரை யாரும் அதை ஒரு விஷயமாகச் சொன்னதில்லை.

மழைக்கு முன்னால் புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு மரத்தில் நிற்பார்கள். குறித்த நாளில் எல்லாப் பறவைகளும் வந்து, தாம் விரும்புகிறவர் மரத்தில் உட்கார வேண்டும். எந்த மரத்தில் கூட்டம் அதிகமோ அவருக்குத் தலைமை. அதுதான் வழக்கம்.

மருதனுக்குப் பதவி ஆசை கிடையாது. ஆனால் மதகுப் பக்கம் மீன் தேடி மூழ்கியபோது அவன் ஒன்றைப் பார்த்துவிட்டான். எலியும் நண்டும் குடைந்து குடைந்து, கரைக்கு அடியில் பெரிய பொந்து விழுந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் கரை கல் மாதிரி இருக்கும். உள்ளே வெறும் கூடு. நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், தாங்காது. மற்றப் பறவைகள் அவ்வளவு ஆழம் போவதில்லை. அதனால் அவனே போட்டியில் இறங்கினான்.

முதல் கூட்டத்தில் அவன் நீட்டி முழக்கவில்லை. "மதகுக்குக் கீழே கரை அரிச்சுக் கிடக்கு. குடும்பத்துக்கு ஒருத்தர் களிமண் கொண்டுவந்து தந்தா நான் மூழ்கி அடைச்சிடுவேன். மழை பிடிக்கறதுக்குள்ள முடிச்சிடலாம். அதுவரைக்கும் மீன்பிடியைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்" என்றான்.

பின்கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். நீ கறுப்பா வெள்ளையா?"

மருதனுக்குக் கேள்வியே புரியவில்லை. எதிர் மரத்தில் நின்ற பெருங்கொக்கு பால்வண்ணன் மெல்லச் சிரித்தான். வெள்ளை இறகுள்ளவர்கள் வெள்ளையனுக்கே வாக்களிக்க வேண்டும் என்று அவன் ஏற்கனவே மரம் மரமாகச் சொல்லி வைத்திருந்தான். அதற்குமேல் அவன் எதுவும் சொல்லவில்லை. கரையைப் பற்றியும் இல்லை, மீனைப் பற்றியும் இல்லை.

அந்தப் பால்வண்ணன் யோக்கியன் இல்லை என்பது ஏரிக்கே தெரியும். போன பருவத்தில் ஒரு வெள்ளைக் கரண்டிவாயன் பறவையின் கூட்டில் தாய் இல்லாத நேரம் பார்த்து ஒரு குஞ்சை விழுங்கியவன் அவன். மருதன் அந்தத் தாயைத் தேடிப் போனான். அவள் சேற்றில் அலகைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களுமா அவன் மரத்துக்குப் போறீங்க?" என்று கேட்டான்.

"போவேன்" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"உங்க குஞ்சைத் தின்னவன் அவன்."

"தின்னவன்தான். நான் மறக்கலை. ஆனா அவன் எங்க வெள்ளைக் கூட்டத்து ஆளு. அவன் தின்னது ஒண்ணு. கறுப்பன் தலைமைக்கு வந்தா எங்க குஞ்சு ஒண்ணுகூட மிஞ்சாதுங்கறாங்க."

"நான் தின்பேனா அக்கா? இத்தனை வருஷமா பக்கத்து மரத்துல இருக்கேன்."

அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை, பயம் இருந்தது. பிறகு சேற்றைத் துழாவியபடியே விலகிப் போய்விட்டாள்.

அன்று மாலை காகங்களின் தலைவன் சடையன் மருதனின் மரத்துக்கு வந்தான்.

"மருதா, நீ இப்படிப் பேசினா உன் பொண்டாட்டி மட்டும்தான் உன் மரத்துல உக்காருவா. கரை எல்லாருக்கும் பொது. பொதுவான விஷயத்துக்கு எவனும் கிளம்பி வரமாட்டான். நீ கறுப்பன்னு சொல்லு, எங்க காகக் கூட்டம் முழுக்க உன் பக்கம். கரிச்சானும் வரும், அரிவாள்மூக்கன்ல கறுப்பு வகையும் வரும்."

"நான் கறுப்புதானே? பாத்தாலே தெரியுதே."

"எங்க தெரியுது? நெய் பூசிக்கிட்டு வெயில்ல பளபளன்னு மின்னுற. தூரத்துல பாத்தா வெள்ளை அடிக்குது. உன்னைக் கொக்குக் கூட்டத்து ஆளுன்னு எங்க பசங்க சந்தேகப்படுறாங்க. கரையோரம் உவர்மண் இருக்கு. அதைப் போட்டு நெய்யைக் கழுவிடு. மங்கலா, எங்களை மாதிரி வந்து நில்லு. அப்புறம் பாரு."

அவன் போனதும் ஆம்பல் முட்டையின்மேல் அமர்ந்தபடியே சொன்னாள். "உவர்மண் பட்டா வாலடி வத்திப்போகும். மறுபடி நெய் ஊறாது. நீங்க எப்படி மூழ்குவீங்க?"

"ஒரு தடவை ஜெயிச்சுட்டா நனைஞ்சுக்கிட்டாவது மூழ்கிக் கரையை அடைச்சிடலாம், ஆம்பல். அதுக்கப்புறம் நான் எப்படி இருந்தா என்ன?"

"கரையைப் பத்திப் பேசத்தானே நின்னீங்க? இப்ப இறகைக் காட்டப் போறீங்களே."

அவள் சொன்னது சரி என்று மருதனுக்குத் தெரிந்தது. முட்டைகளையும் மதகையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில் கரையோரம் இறங்கினான். உவர்மண்ணில் புரண்டு புரண்டு, வாலடியிலும் தேய்த்து, தண்ணீரில் முங்கினான். நெய் படலமாக மிதந்து போயிற்று. பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தண்ணீர் அவன் தோலைத் தொட்டது. நடுங்கிக்கொண்டே மரம் ஏறினான்.

மறுநாள் அவன் கரையைப் பற்றிப் பேசவில்லை. கிளை நுனியில் நின்று இரண்டு சிறகையும் அகல விரித்துக் காட்டினான். அடுப்புக்கரி மாதிரி மங்கிய கறுப்பு. காகங்கள் ஆரவாரம் செய்தன. "நம்ம ஆளு" என்ற சத்தம் ஏரியைத் தாண்டிக் கேட்டது.

வாக்களிக்கும் நாளில் கிழட்டு நாமக்கோழி ஒன்று இரண்டு மரத்துக்கும் நடுவே தண்ணீரில் நின்றது. "எனக்கு உடம்பு கறுப்பு, நெத்தி வெள்ளை. நான் எங்க உக்காரணும்?" என்று கேட்டது. இரண்டு பக்கமும் யாரும் அதற்கு இடம் விடவில்லை. மருதன் தன் கிளையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சடையன் இருந்தான். மருதன் வாயைத் திறக்கவில்லை.

மருதன் மரத்தில் கிளை வளையும் அளவுக்குக் கூட்டம். அவனே தலைவன் ஆனான்.

பதவியேற்றதும் முதல் வேலையாகக் களிமண் கேட்டான். வெள்ளைப் பறவைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கறுப்பங்க தலைவன் கறுப்பங்களைக் கேக்கட்டும்" என்று பால்வண்ணன் சொல்லி அனுப்பினான். மருதன் காகங்களிடம் போனான்.

சடையன் இறகைக் கோதிக்கொண்டே சொன்னான். "கரை நின்னா கொக்குங்களும்தானே பிழைக்கும்? அவங்களுக்காக நாங்க மண் சுமக்கணுமா? அதுக்காகவா உன்னை உக்கார வெச்சோம்?"

"பின்ன எதுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"அவன் வரக்கூடாதுன்னு."

மருதனும் ஆம்பலும் தாங்களே களிமண் சுமக்கத் தொடங்கினார்கள். முட்டை பொரிந்து குஞ்சுகள் வந்த சமயம் அது. ஒருவர் மாற்றி ஒருவர் கூட்டைப் பார்த்துக்கொண்டார்கள். நாமக்கோழி எதுவும் கேட்காமல் வாயளவு மண்ணோடு வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் ஆம்பல் ஒருத்தி மூழ்கி அடைத்தது போதவில்லை; மருதனால் முன்போல முடியவில்லை. ஒருமுறை மூழ்கினாலே இறகெல்லாம் நனைந்து ஈயம்போலக் கனத்தது. கரையேறி, காய்ந்து, மறுபடி போவதற்குள் அரைப்பொழுது கழிந்தது. அடைத்த மண்ணை அடுத்த அலை அரித்துக்கொண்டு போனது.

ஐப்பசியில் மழை பிடித்தது. விடாமல் கொட்டியது. ஒரு விடியற்காலையில் மதகருகே கரை உள்வாங்கியது. அடுத்த கணம் ஏரி மொத்தமும் அந்த வாய் வழியே சீறிப் பாய்ந்தது. மதகோரக் கருவேல மரங்கள் வேரோடு சாய்ந்தன. காகக் கூடும் கொக்குக் கூடும் ஒன்றாக அடித்துக்கொண்டு போயின. கரண்டிவாயனின் புதுக் குஞ்சுகளும் போயின.

மருதன் மண்ணெடுக்கப் போன இடத்திலிருந்து பறந்து வந்தபோது அவன் மரமும் சாய்ந்து பாதி மூழ்கியிருந்தது. ஆம்பல் கூட்டைவிட்டு எழவில்லை. இரண்டு சிறகையும் குஞ்சுகளின்மேல் போர்த்தியபடி அவனைப் பார்த்தாள். மரம் புரண்டது.

அவன் பின்னாலேயே மூழ்கினான். கலங்கிய நீரில் கூட்டின் ஒரு சுள்ளி அலகில் பட்டது. இன்னும் கொஞ்சம் கீழே போகவேண்டும் என்றிருந்தபோது இறகுகள் நீரைக் குடித்து, உடம்பு சொன்னபடி கேட்காமல் போயிற்று. வெள்ளம் அவனைப் புரட்டி ஒரு மரக்கட்டையின்மேல் எறிந்தது. சிறகை விரித்துக் காய வைத்தான். கொஞ்சம் உலர்ந்ததும் மறுபடி மூழ்கினான். மறுபடி கட்டைக்கு வந்து விரித்தான். அன்று முழுக்க அதையே செய்தான்.

ஏரி வற்றிச் சேறானது. உன்னால்தான் என்று ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டே வெள்ளைப் பறவைகள் ஒரு திசையிலும் கறுப்புப் பறவைகள் ஒரு திசையிலும் கிளம்பின. போகும் வழியில் சடையன் கட்டையருகே இறங்கினான்.

"மருதா, கிளம்பு. அடுத்த ஏரியிலயும் தலைமைக்கு ஆள் எடுக்கறாங்களாம். அங்க நம்ம ஆளுங்க ஜாஸ்தி. நீ வந்து இதே மாதிரி இறகை விரிச்சு நின்னாப் போதும்."

மருதன் அவனைப் பார்க்கவில்லை. காற்று வரும் பக்கமாகச் சிறகைத் திருப்பி வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சடையன் பறந்துபோனான். மருதன் மிச்சமிருந்த குட்டையில் இறங்கினான்.

அன்று முதல்தான் நீர்க்காகத்தின் இறகில் நெய் ஒட்டுவதில்லை. அன்று முதல்தான் அது ஒவ்வொரு முறை மூழ்கி எழுந்ததும் பட்ட மரத்தில் தனியே உட்கார்ந்து, இரண்டு சிறகையும் விரித்துக் காய்கிறது. காய்ந்ததும் மறுபடி இறங்கி, அடியில் வெகுநேரம் தேடுகிறது.