பின்சீட்டு நடுக்கம்

கயத்தாறு விலக்கில், நாலுவழிச் சாலையை ஒட்டி, பேராச்சி மேஸ்திரியின் பட்டறை இருக்கிறது. டயர், சக்கரம், ஸ்டியரிங் வேலை மட்டும்தான். இஞ்சின் பக்கம் திரும்பவே மாட்டார். பக்கத்து டீக்கடை என்னுடையது. அந்த மேஸ்திரியம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் கொஞ்சம் கூடுதலாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்க்கிறவன் வேறு எப்படிப் பேசுவான்?

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவர் தளவாய். மேஸ்திரியைவிட வயதில் மூத்தவர். சைக்கிள் கடையை மூடிவிட்டு, "எனக்கும் கார் வேலை சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றவர். அவர் இவரை மேஸ்திரி என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் குரு என்று குழப்பம் வரும். வேலை தொடங்கினால் தீர்ந்துவிடும்.

தளவாய் நல்ல உழைப்பாளி. ஆனால் வாய் முந்தும். வண்டி உள்ளே வந்து நிற்பதற்குள் இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

ஒருநாள் காலையில் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்.

"மேஸ்திரி, வேகத்துல வண்டி நடுங்குதுன்னா, நடுக்கம் எங்கேருந்து வருதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கீங்க?"

"டீ ஆறுது, குடிங்க."

"சொல்லுங்க மேஸ்திரி."

"ஒரு வண்டி வரட்டும் அண்ணாச்சி."

வந்தது. பழைய வெள்ளைக் கார். ஓட்டி வந்தவர் சண்முகையா, காலமெல்லாம் லாரி ஓட்டினவர். பின்சீட்டில் அவர் மனைவி பாக்கியத்தாய், இடது கதவில் தலையணையை வைத்துச் சாய்ந்திருந்தார். அவரை இறக்கி நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் சண்முகையாவுக்கு வேர்த்துவிட்டது. அவ்வளவு பதனமாக இறக்கினார்.

"வண்டியில ஒண்ணுமில்ல தாயி" என்றார் மேஸ்திரியிடம். "இவதான் ஆடுது ஆடுதுங்கா. நீங்க ஒரு தடவ பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா போதும்."

விஷயம் இதுதான். பாக்கியத்தாய்க்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதாமாதம் மதுரைக்குப் போய்க் காட்ட வேண்டும். விட்டால் கால் நடக்க உதவாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தம்மாவோ இனிமேல் மதுரைக்கு வரவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம்.

"போற வழியெல்லாம் குத்திக் கொல்லுது" என்றார் பாக்கியத்தாய். "வீட்டுக்கு வந்தா பல நாள் எழும்ப முடியல. கால் போனாப் போகட்டும்."

"ஸ்டியரிங் பிடிச்சா வண்டிக்கு என்ன நோவுன்னு என் கை சொல்லும் தாயி. ஆடவே இல்ல. டாக்டர்ட்டயும் கேட்டுட்டேன். உடம்புல உள்ள பயம்னுட்டாரு."

"எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துட்டு" என்றார் அந்தம்மா. "ஒருவேள நாந்தான் நடுங்குதேனோ என்னமோ."

மேஸ்திரி தளவாயைப் பார்த்தார். தளவாய் சாவியை வாங்கிக்கொண்டு சாலைக்கு ஏறினார். போன சுருக்கில் திரும்பி வந்தார்.

"தொண்ணூறுல போனேன் மேஸ்திரி. ஸ்டியரிங் வெண்ணெயா இருக்கு. பழைய வண்டிக்கு லேசா ஒரு அதிர்வு இருக்கத்தான் செய்யும். ஆபரேஷன் பண்ணுன உடம்பு, அதான் பெருசாத் தெரியுது."

"அதத்தான் நானும் தலபாடா அடிச்சுக்கிடுதேன்" என்றார் சண்முகையா.

 பாக்கியத்தாய் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். டீ கொடுக்கப் போன நான் அந்த முகத்தைப் பார்த்தேன். டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மேஸ்திரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"யம்மா, எப்ப ஆரம்பிக்கும்?"

"ஊருக்குள்ள ஒண்ணும் இருக்காது தாயி. சாலைக்கு ஏறி இவுக வேகம் பிடிச்சதும், இடுப்புக்குக் கீழ கிர்ருன்னு வரும்."

"எப்ப நிக்கும்?"

"முன்னால லாரி எதுவும் மறிச்சு, மெதுவாப் போனா நின்னுரும். கடவுளே, இந்த லாரி மதுரை வரைக்கும் வழி விடக் கூடாதுன்னு வேண்டிக்கிடுவேன்."

சண்முகையா நிமிர்ந்தார். "இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

மேஸ்திரி அந்தத் தலையணையை எடுத்துக்கொண்டார். பின்சீட்டில் ஏறி, இடது கதவில் சாய்ந்து, அந்தம்மா இருந்த மாதிரியே காலை நீட்டிக்கொண்டார்.

"ஓட்டுங்க அண்ணாச்சி."

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்டறைக்குள் வண்டியை ஏற்றி, இடது பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். கை ஓரிடத்தில் நின்றது. தளவாயின் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

கரிசல் மண். மழைக்கு எங்கேயோ பின்சக்கரம் புதைந்து, அப்பின மண் அப்படியே காய்ந்து இறுகி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் கரிசலைப் பற்றித் தெரியாதா, காய்ந்தால் உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் அந்தப் பாரத்தோடு சுற்றுகிற சக்கரம் வேகத்தில் துள்ளாமல் என்ன செய்யும்? பின்சக்கரம் என்பதால் அது பின்சீட்டோடு நின்றுவிடும், ஸ்டியரிங்குக்கு வராது.

"அட, இதுதானா!" தளவாய் ஸ்குரூடிரைவரை எடுத்தார். "ஒரு நிமிசத்துல சுரண்டிருதேன்."

மேஸ்திரி அவர் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும்."

"மண்ணு மேஸ்திரி."

"தெரியுது. இத முன்னால மாட்டுங்க. முன்னால உள்ளத இங்க மாட்டுங்க."

தளவாய் முழித்தார். பட்டறையில் மேஸ்திரி சொன்னால் சொன்னதுதான். மாட்டினார்.

மேஸ்திரி வெளியே வந்தார். "ஐயா, இப்ப நீங்க ஓட்டிப் பாருங்க. எண்பதுக்கு மேல வேண்டாம். ஸ்டியரிங்க ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோங்க. யம்மா, நீங்களும் ஏறுங்க, உங்க எடத்துலயே. அண்ணாச்சி, நீங்க முன்னால."

பாக்கியத்தாய் தயங்கினார். மேஸ்திரி அவர் தோளில் கை வைத்து, "இந்த ஒரு தடவ" என்றார். ஏறிவிட்டார்.

இனி நடந்தது தளவாய் சொன்னது. அறுபது வரைக்கும் ஒன்றுமில்லை. எழுபதைத் தாண்டினதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்ததாம். சண்முகையாவின் விரல், முழங்கை, தோள் எல்லாம் உதறியதாம். வேகத்தைக் குறைத்தார், நின்றது. கூட்டினார், மறுபடி பிடித்துக்கொண்டது.  மறுபடியும் குறைத்தார்.

அப்போது பின்னாலிருந்து பாக்கியத்தாயின் குரல் வந்ததாம்.

"ஏன் மெதுவாப் போறீக? இன்னைக்குத்தான் வண்டி நல்லாப் போவுது."

வண்டி பட்டறைக்கு வந்து நின்றது. தளவாய் இறங்கிவிட்டார். சண்முகையா இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"இப்பிடியா இருந்துச்சு?" என்றார், பின்னால் திரும்பாமல்.

"எப்பிடி?"

 அவர் இறங்கிச் சுற்றி வந்து பின்கதவைத் திறந்தார். திறந்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாதவர் போல நின்றார். லாரியில் எத்தனை மலை ஏறி இறங்கின மனுஷன், கண் கலங்கி நிற்கிறார்.

"நாந்தான் பாக்கியம், நம்பல."

 அந்தம்மா கையை நீட்டினார்.

"சரி, பிடிங்க. அடுத்த வாரம் மதுரைக்குப் போணும்லா?"

சக்கரத்தை மறுபடி கழற்றினார்கள். தளவாய் மண்ணைச் சுரண்டி எடுத்தார், கெட்டிக் கட்டியாக விழுந்தது. சக்கரங்களை மிஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, எடை சமமாகும்படி ஈயத்துண்டு வைத்து, பழையபடி அதனதன் இடத்தில் மாட்டினார்கள். மேஸ்திரியே ஒருமுறை முன்சீட்டிலும் ஒருமுறை பின்சீட்டிலும் உட்கார்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சாவியைக் கொடுத்தார். இதற்காகத்தான் மேஸ்திரியைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று நான் சொல்கிறது.

போகும்போது சண்முகையா அவசரமே படவில்லை. சாலையில் ஏறி, ஒரு லாரிக்குப் பின்னால் சாவகாசமாகப் போனார்.

வண்டி மறைகிற வரைக்கும் தளவாய் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"பின்சக்கரம்னு தெரிஞ்சு போச்சு. மண்ணும் கையில தட்டுப்பட்டுட்டு. அங்கயே சுரண்டிக் குடுத்திருந்தா நடுக்கம் அப்பவே நின்னிருக்கும். எதுக்கு முன்னால மாட்டி அவர ஓட்டச் சொன்னீங்க?"

மேஸ்திரி கீழே கிடந்த மண்கட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"சுரண்டிக் குடுத்திருந்தா, அந்தம்மாவுக்கு உடம்பு சரியாயிட்டுன்னுதான் அவர் நெனச்சிருப்பாரு."