மரக்குதிரைக்குப் புல் வைத்தவர்

வலம்புரித்துறைச் சந்தியாகப்பர் கோவிலில் குதிரைக்குக் குளம்பு துடைப்பதுதான் அடைக்கலனாரின் உத்தியோகம். குதிரை மரக்குதிரை. அதன் முதுகில் வாளும் கையுமாகச் சந்தியாகப்பர் வீற்றிருந்தார். பறங்கியர் காலத்தில் கப்பலேறி வந்த மரச்சிலை, ஊர் வாக்கில் சுரூபம், அது; பவளக்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பிய அந்தப் பழங்கோவிலைவிட அதற்கு வயது கூட என்பார்கள். பூசை மணி அடிக்குமுன் அடைக்கலனார் வந்து, ஈரத்துணியால் குளம்புகளைத் துடைத்து, வௌவால் எச்சத்தைச் சுரண்டி, குளக்கரையில் அறுத்த அறுகம்புல்லைக் குதிரையின் வாய்க்கு நேரே வைப்பார். சாயங்காலம் வாடிப்போன புல்லை எடுத்துத் தெரு ஆடுகளுக்குப் போடுவார். மறுநாள் புதுப் புல்.

கோவில் வாசலில் உப்பு மிளகுக் கடை வைத்திருந்தார் தொம்மை பர்னாந்து. நேர்ச்சைக்காரர்கள் சுரூபத்தின்மேல் உப்பும் மிளகும் தூவுவது அவ்வூர் வழக்கம். தொம்மையாரின் பிழைப்பும் அதுதான். வாய் நிறையச் சரக்குள்ள மனுசர்.

"என்னவே அடைக்கலம், நேத்தும் உம்ம குதிரை தின்னலியா?"

"தின்கிறதும் தின்னாததும் குதிரையோட இஷ்டம் முதலாளி. வைக்கிறது என் வேலை."

"இத்தனை வருசமா வைக்கிறீரே, ஒரு ஏப்பமாவது விட்டுச்சா?"

கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். கோபப்பட வேண்டிய இடமா, சிரிக்க வேண்டிய இடமா என்று பிடிபடாமல் அடைக்கலனாரும் சேர்ந்து சிரித்துவைப்பார்.

அவர் கோவிலுக்கு வந்த வழி தனிக் கதை. நோஞ்சானாகப் பிறந்த பிள்ளையைத் திருநாளன்று காலையில் சந்தியாகப்பரின் காலடியில் கிடத்தி, "இது என் பிள்ளை, உமக்கு அடிமை" என்று ஒப்படைப்பார்கள். அடுத்த திருநாளில் தேர் நிலைக்கு வந்ததும் அந்தப் பிள்ளைகளைக் கோவில் காரியம் பார்க்கும் உபதேசியார் வரிசையாக நிறுத்தி, "யாகப்பர் அடிமை யாருக்கு வேணும்?" என்று கூப்பிடுவார். பெற்றவரோ வேறு யாரோ முன்வந்து ஒரு கை உப்பைப் படியில் வைத்து, "எனக்கு வேணும்" என்றால், சுரூபத்தின் மாலையைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டு அனுப்பிவிடுவார். அடைக்கலனாரை அப்படி அடிமை வைத்த தாயும் தகப்பனும் நடுவில் ஒருநாள் தோணியேறிப் போனார்கள். தோணி திரும்பவில்லை. அந்த வருசம் உபதேசியார் கூப்பிட்டபோது வாய் திறக்க ஆளில்லை. பிள்ளை சாமியார் பங்களாவின் குசினி அடுப்படியில் வளர்ந்தது, தலையும் நரைத்தது. ஒவ்வொரு திருநாளும், மீட்கப்படாத அடிமை வரிசையில் நிற்க வேண்டும் என்ற முறைப்படி, கைக்குழந்தைகளுக்குப் பின்னால் கடைசி ஆளாக அவரும் நிற்பார். விலைபோகாத சரக்கை ஊரே பார்த்துச் சிரிக்கும். 'இந்த வருசமும் என்னை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை ஆண்டவரே' என்று அவர் உள்ளூரக் குளிர்ந்துபோவார்.

ஒரு திருநாளில் தொம்மையாருக்கு வியாபாரம் சக்கைப்போடு போட்டது. தேர் நிலைக்கு வந்தது. குழந்தைகள் எல்லாம் மீண்டு போயின. உபதேசியார் வாய்ப்பாடாக, "யாகப்பர் அடிமை யாருக்கு வேணும்?" என்று கூப்பிட்டார். கூட்டத்துக்குள்ளிருந்து தொம்மையார் வந்தார். மடியிலிருந்து ஒரு கை உப்பை அள்ளிப் படியில் வைத்தார்.

"எனக்கு வேணும்!"

சிரிப்பு கடற்கரை வரை கேட்டது. உபதேசியார் திகைத்தார். ஆனாலும் முறை முறைதானே. மாலையைக் கழற்றி அடைக்கலனாரின் கழுத்தில் போட்டுவிட்டார். மாலை விழுந்ததும் அடைக்கலனார் நிமிர்ந்தார். குதிரையைப் பார்த்தார். தொம்மையாரைப் பார்த்தார். தாம் இப்போது யாருடையவர் என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் கடை திறக்க வந்த தொம்மையார், வாசலில் மாலையும் கழுத்துமாக அவர் நிற்பதைக் கண்டார்.

"இங்க என்னவே நிக்கிறீர்?"

"என்ன வேலை முதலாளி?"

"யோவ், நேத்து விளையாட்டுக்குச் செஞ்சேன். உம்ம குதிரைகிட்டப் போவும்."

"உப்பு வச்சாச்சு, மாலை விழுந்தாச்சு. நான் எப்படிப் போறது?"

தொம்மையார் அவரை இழுத்துக்கொண்டு பங்குச்சாமியிடம் போனார். சாமி ஊருக்குப் புதிது. நடந்ததைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். "விளையாட்டுக்கு மீட்டது செல்லுமா, செல்லாதா?" என்று உபதேசியாரைக் கேட்டார். உபதேசியார், "உப்பு நிஜ உப்புதானே சாமி" என்றார். திரும்ப அடிமை வைப்பதானால் அடுத்த திருநாளில்தான் வைக்கலாம். அதுவும், "என் பிள்ளை" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். சாமிக்கும் வேறு வழி தோன்றவில்லை.

அன்று முதல் அடைக்கலனார் கடையில் மிளகு புடைத்தார். உப்புப் பொட்டலம் மடித்தார். பூசைக்கு எல்லோரையும்போலப் போய், எல்லோரையும்போலப் பின்னால் நின்றார். குதிரைப் பக்கம் மட்டும் போகவில்லை. அதன் காதில் சிலந்தி வலை கட்டியது. குளம்பில் தூசி ஏறியது. தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். 'தெரியாமல் கைமாறினேனா? இல்லை, நீரே என்னைத் தள்ளிவிட்டீரா?' என்று கேட்டார். மறுநாளும் கேட்டார்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் தொம்மையார் ஒருநாள், "போய்த் துடைச்சுட்டுத்தான் வாருமேன், நான் அனுப்புறேன்" என்றார்.

"நீங்க அனுப்பினா உங்க வேலையாளாப் போவேன் முதலாளி. அவருக்கு நான் அடிமையா இருந்தவன்."

கேலி இப்போது கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்தது. "பிள்ளைக்குப் பால் குடுத்தீரா பர்னாந்து?" என்று மீன்காரிகள் கேட்டார்கள். தொம்மையாருக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கேலி இடம் பார்த்துக் குத்தியது. அவர் மனைவி செலஸ்தீனம்மாள் மட்டும் தினமும் மத்தியானம் மூன்று பேருக்கு உலை வைத்தார். குளிர்காலத்தில் தொம்மையார் காய்ச்சலில் விழுந்தபோது, கடையையும் பார்த்துக்கொண்டு, தலைமாட்டிலிருந்து நெற்றியில் ஈரத்துணியும் போட்டவர் அடைக்கலனார்தாம். எழுந்து உட்கார்ந்த பிறகு தொம்மையார் அவரைக் கேலி செய்ய வாயெடுத்தார். என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்துபோயிற்று.

திருநாள் நெருங்க நெருங்கத் தொம்மையார் கடையில் சிடுசிடுத்தார். "உமக்கு இங்க என்னவே குறை?" என்று காரணமில்லாமல் பாய்ந்தார். "குறை ஒண்ணுமில்ல முதலாளி. குதிரைதான் பட்டினி" என்றார் அடைக்கலனார்.

திருநாள் காலை பாடற்பூசை முடிந்தது. குதிரையும் சந்தியாகப்பரும் தேரேறி நின்றார்கள். கைக்குழந்தைக்காரர்கள் வரிசையாய் நிற்க, அவர்களுக்குப் பின்னால் நரைத்த அடைக்கலனாரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார் தொம்மை பர்னாந்து. ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தயாராக இருந்தது.

"யாரை ஒப்படைக்கிறீர்?" உபதேசியார் கேட்டார்.

நாளெல்லாம் கூவி விற்கிற தொம்மையார் குரலைத் தாழ்த்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என் பிள்ளை" என்றார். "உமக்கு அடிமை."

சிரிக்க வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அடைக்கலனார் குளக்கரைக்கு ஓடினார். ஈரப்புல்லோடு வந்து தேரில் ஏறி, குளம்புகளைத் துடைத்து, புல்கட்டைக் குதிரையின் வாய்க்கு நேரே வைத்து இறங்கினார். தேர் வீதி சுற்றியது. உப்பும் மிளகும் மழையாய் விழுந்தன. சாயங்காலம் தேர் நிலைக்கு வந்ததும் சுரூபத்தை இறக்கத் தொம்மையாரும் கைகொடுக்க ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றார்.

புல்லைக் காணோம். காற்று கொண்டுபோயிற்று என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஆனால் தூவின மிளகெல்லாம் தேர்த்தட்டில் அசையாமல் கிடந்தது. அதுமட்டுமல்ல, மரப்பற்களின் நடுவே அறுகம்புல் தாள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனை கடிபட்டு நைந்திருந்தது.

"அடைக்கலம், இங்க வாருமய்யா" என்று கூப்பிட்டார் தொம்மையார்.

அடைக்கலனார் வந்து பார்த்தார். குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

"ஒரு வருசப் பசியாச்சே" என்றார். அடுத்த கட்டுப் புல் அறுக்கத் திரும்பவும் குளக்கரைக்கு நடந்தார்.

கொள்வார் இல்லாமல் நின்றபோதும், விளையாட்டாய்க் கைமாறியபோதும், தம் ஆண்டவரை ஒருபோதும் கைமாற்றாதவர் அடைக்கலனார். அவர் துடைத்த குளம்பின் தூசி நம் நெற்றிக்கும் கிட்டுவதாக.