சென்னியப்பன் தேடிய விளையாட்டு

குழந்தைசாமி மடத்தில் சமையல் என் பொறுப்பு. சாமி என்றதும் நரைத்த தாடியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் சென்னியப்பனுக்குத்தான் தலை முழுக்க வெள்ளை.

சென்னியப்பன் கோபியில் ஒரு நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கத்தரிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, கடைக்காரன் முகம் சுண்டிய பிறகுதான் கூடையில் போடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை மடத்துக்கு வந்தார். சாமி முன்னால் உட்கார்ந்து, ஃபோனை எடுத்துக் கீழே வைத்தார்.

"சாமி, இதுல விளையாடறதுக்கு நல்ல விளையாட்டு எதுங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முக்தி, மோட்சம் என்று கேட்க வேண்டிய வயது. சாமி சிரிக்கவில்லை.

"யாருக்கு?"

"எனக்கும் வீட்டுக்காரிக்குங்க. சுலோச்சனாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சுங்களே, எங்கயும் போக முடியாம வீட்டுலயே கிடக்கறா. பொழுதே போகலைன்னு சொன்னா. சரி, ரெண்டு பேரும் சேந்து விளையாடற மாதிரி ஒண்ணு தேடித் தர்றேன்னு சொன்னேன்."

"நல்ல காரியம். தேடினீங்களா?"

"ரெண்டு மாசமாத் தேடறனுங்க. எதையும் முழுசா சோதிக்காம அவ கையில குடுக்க முடியுங்களா? ஒண்ணை இறக்கறேன், ஆடிப் பாக்கறேன், அழிக்கறேன். ஒண்ணுகூடத் தேறலைங்க."

"என்ன குறை?"

குறை என்றதும் சென்னியப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஒண்ணுல எதைத் தொட்டாலும் விளம்பரம். முழுசாப் பாத்தாத்தான் விடுவான். இன்னொண்ணுல மூணு தடவை தோத்தா உயிர் தீந்துருச்சுங்கறான். மறுபடி உயிர் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும், இல்லைன்னா புதுசா ஒரு ஆளைச் சேத்து விடணும். இன்னொண்ணு தினமும் வந்தா பரிசு குடுக்குது. ஒரு நாள் விட்டா எல்லாம் போச்சு, முதல்ல இருந்து வரணும். மனுசனைக் கட்டிப் போடறானுங்க சாமி."

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

அவர் குரல் இறங்கிவிட்டது.

"வர்ற வெள்ளிக்கிழமை காங்கேயம் கிளம்பறாளாம், தங்கச்சி வீட்டுக்கு. ரெண்டு மாசமா நான் அவ மூஞ்சியவே பாக்கலையாம். போனா எப்ப வருவாளோ தெரியலைங்க. அதுக்குள்ள ஒரு நல்ல விளையாட்டைக் கண்டுபிடிச்சாகணும்."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. அவ்வளவு நேரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கே பாவமாகப் போய்விட்டது.

சாமி என் பக்கம் கையைக் காட்டினார்.

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ரங்கம்மா அக்கா ஒரு பூசணிக்காய் காட்டுவாங்க. பாருங்க."

என்னை எதற்கு இழுக்கிறார் என்று புரியவில்லை. இருந்தாலும் போய்த் தூக்கி வந்தேன்.

"அதோட பெருமையைச் சொல்லுங்க அக்கா."

பூசணிக்காய்க்கு என்ன பெருமை? நம்ம தோட்டத்துக் காய், கூட்டு வைத்தால் சட்டி காலியாகிவிடும், கல்யாண வீட்டுக்கெல்லாம் இதைத்தான் கேட்டு வாங்கிப் போகிறார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சென்னியப்பன் பாதியில் எழப் பார்த்தார்.

"முழுசாப் பாத்தாத்தான் பதில்" என்றார் சாமி.

சென்னியப்பன் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இப்பச் சொல்லுங்க சாமி."

"நாளைக்கு வாங்க. இன்னைக்கு வந்ததுக்கு இது."

கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். "நாளைக்கு வந்தா ரெண்டு. விடாம வந்தா வெள்ளிக்கிழமை தேங்காய். நடுவுல ஒரு நாள் விட்டா மறுபடி ஒண்ணுல இருந்துதான்."

அந்தப் பழம் நான் ரசத்துக்கு வைத்திருந்தது. மடத்தில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்.

மறுநாள் நான் வாசல் கூட்டும்போதே சென்னியப்பன் வந்து நின்றார். பூசணிக்காயைப் பார்த்தார். கேள்வியைக் கேட்டார். சாமி பேசவில்லை. மறுபடி கேட்டார். அப்போதும் பேசவில்லை. இன்னொரு தடவை கேட்டார்.

"மூணு தடவை கேட்டாச்சு. உயிர் தீந்துருச்சு" என்றார் சாமி. "சாயங்காலம் வாங்க. அவசரம்னா புதுசா ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க."

இவர் குறை சொன்னது எல்லாமே இங்கே நடக்கிறது. இப்போது விளங்கிவிடும், கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று பார்த்தேன். எங்கே! போன வேகத்தில் டீக்கடை மாரப்பனை இழுத்துக்கொண்டு வந்தார். மாரப்பன் கையில் டீ வடிகட்டி. அடுப்பில் பால் பொங்குதுங்க, விடுங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். அவனுக்கும் பூசணிக்காய் காட்டினேன். எனக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் ராகம் போட்டே பேசினேன். பதில் நாளைக்குத்தான் என்றார் சாமி.

புதன்கிழமை சென்னியப்பன் கேள்வியே கேட்கவில்லை. வந்தார், பூசணிக்காயைப் பார்த்தார், பழங்களை வாங்கி மோந்து பார்த்தார்.

"நேத்துப் பழத்துக்குத் தோல் கொஞ்சம் தடிப்புங்க அக்கா. இன்னைக்குப் பரவால்ல" என்றார்.

"வீட்டுல அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"அவளா? இருக்கா. ஏனுங்க, வெள்ளிக்கிழமை குடுக்கற தேங்காய் பெருசா இருக்குங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் போனதும் நேரே சாமியிடம் போனேன்.

"அந்த மனுசனோட பொண்டாட்டி ஊருக்குக் கிளம்பறா. நீங்க பழத்தைக் குடுத்து உக்கார வெச்சிருக்கீங்க. இது நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லைதான் அக்கா" என்றார் சாமி. "வெள்ளிக்கிழமைக்கு நல்ல தேங்காயா எடுத்து வைங்க."

வெள்ளிக்கிழமை சென்னியப்பன் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி வந்தார். சாமி தேங்காயைக் கொடுத்தார். இவர் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், விரலால் சுண்டிப் பார்த்தார்.

"தண்ணி நிறைய இருக்குதுங்க" என்றார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு பூரிப்பு முகத்தில்.

அப்போது மடத்து வாசலில் சுலோச்சனா வந்து நின்றாள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் துணிப்பை. காங்கேயம் பஸ் நிற்பது மடத்துக்கு எதிரில்தான்.

"சாமி, வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. பத்தரைக்கு பஸ்ஸுன்னு காலைலயே இவர்கிட்டச் சொன்னேன். தேங்காய வாங்கிட்டு வந்தர்றேன்னு போனாரு."

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். கையிலிருந்த தேங்காயைப் பார்த்தார்.

"நீ கிளம்பற வெள்ளி இன்னைக்குத்தானா?" என்றார். பிறகு சாமியிடம் திரும்பினார். "நான் கேட்ட விளையாட்டு... நீங்க சொல்லவே இல்லைங்களே சாமி."

சாமி சுலோச்சனா பக்கம் திரும்பிக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க ஃபோன்ல ஏதாச்சும் விளையாடுவீங்களா?"

"விளையாடாம என்னங்க? தங்கச்சியும் நானும் தெனமும் லூடோ ஆடறோம். இவரு அந்த ரூம்ல ஃபோனை வெச்சுட்டு உக்காந்ததுல இருந்து எனக்கு அதானுங்க பொழுது. அவ அங்க, நான் இங்க. காயை வெட்டினா சண்டை, வெட்டலைன்னாலும் சண்டை. ஆனா ஜெயிச்சுட்டு நிமுந்து பாத்தா பக்கத்துல ஒரு ஆள் இல்லீங்க சாமி. அதான் நேர்லயே போயர்லாம்னு கிளம்பிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ" என்றார் சென்னியப்பன்.

"நீங்க எப்பக் கேட்டீங்க?"

அதோடு அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் மில்லில் ஊறிய புத்தி எங்கே போகும்?

"அதுல விளம்பரம் நிறைய வருமா? எத்தனை ஸ்டாரு போட்டிருக்கான்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சுலோச்சனா சாவியை என் கையில் வைத்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினாள். வாய்க்கால் பாலத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஊன்றுகோலை எடுத்து எடுத்து வைத்து அவள் நடந்தாள்.

சென்னியப்பன் இரண்டு அடி அவள் பின்னால் ஓடினார். நின்றார். திரும்பி சாமியிடமே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"சாமி, அது நல்ல விளையாட்டுதானுங்களா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சாமி அவர் கையிலிருந்த தேங்காயை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"எங்கிட்டக் கேக்காதீங்க. பஸ் வந்து நிக்கறதுக்குள்ள அவங்ககிட்டப் போய்க் கேளுங்க, உங்களையும் ஆட்டத்துல சேத்துக்குவாங்களான்னு."