சாத்தங்குறிச்சி அண்ணன்மார் போட்ட அஸ்திவாரம்

சாத்தங்குறிச்சியில் பொன்னுரங்கம், சடையாண்டி, மாசாணம் என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். ஆண்டவன் கொடுத்த ஒரு மூளையை அவர்கள் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தாகவே வைத்திருந்தார்கள். அதனால் யாரும் அதை எடுத்துச் செலவு பண்ணவும் இல்லை.

அவர்களுக்கு ஒரே தங்கச்சி, செவந்தி. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு நிறைமாத வயிற்றோடு பிறந்த வீட்டுக்கு வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். போன மழையில் விழுந்துவிட்டது. அண்ணன்மார் மாட்டுக்கொட்டகையில் மாட்டோடு மாடாகக் குடியிருந்தார்கள்.

"மாட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் எங்கண்ணே பிள்ளை பெத்துக்கிறது?" என்றாள் செவந்தி.

மூன்று பேருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிள்ளை பிறப்பதற்குள் ஒரு அறை கட்டியே தீருவது என்று மாட்டின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். இடமும் தயாராக இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் குப்பை கொட்டி மூடிய பழைய குட்டை.

டவுனில் ஒரு ஓவர்சியரைப் போய்ப் பார்த்தார்கள். அவர், "வீடு நிக்கிறது மண்ணை நம்பித்தான்யா. கட்டப்போற இடத்து மண்ணு ஒரு பை கொண்டாங்க. எவ்வளவு பாரம் தாங்கும்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

வந்து தோண்டினார்கள். கறுப்பாகச் சேறு வந்தது. நாற்றம் வந்தது. ஒரு தவளையும் வந்து மூன்று பேரையும் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டது.

"இதையா கொண்டுபோறது?" என்றான் சடையாண்டி. "பெரிய மனுசன் மோந்து பாத்தா நம்ம குடும்பத்தைப் பத்தி என்ன நினைப்பாரு?"

பொன்னுரங்கம் ஆழ்ந்து யோசித்தான். "செவந்தியைப் பொண்ணு பாக்க வந்தப்போ சாணி தட்டின கையோடயாடா கொண்டுபோய் நிறுத்தினோம்? பக்கத்து வீட்டு நகையை வாங்கிப் போட்டுத்தானே நிறுத்தினோம்."

"அப்ப மண்ணையும் பக்கத்து வீட்டுலதான் வாங்கணும்" என்றான் மாசாணம்.

பக்கத்து வீட்டு அஞ்சலையின் வீடு பாறை மேட்டில் இருந்தது. அங்கே கடப்பாரையால் குத்திக் குத்திச் செம்மண் எடுத்து, சலித்து, புடைத்து, புது மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். ஓவர்சியர் சோதித்துப் பார்த்துவிட்டு, "அருமையான மண்ணு. மூணடி தோண்டினாலே போதும்" என்றார். பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பும்போது ஊர் முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

"அண்ணே, அது அஞ்சலையக்கா வீட்டு மண்ணாச்சே" என்றாள் செவந்தி.

"வாயை மூடு தாயி. பாஸானது நம்ம பேருலதான்" என்றான் பொன்னுரங்கம்.

மூன்றடி தோண்டி அஸ்திவாரம் போட்டார்கள். "கான்கிரீட்டைக் காய விடாதீங்க, தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க" என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். எப்போது நிறுத்துவது என்று அந்த மனுஷன் சொல்லவில்லை. ஆகவே இவர்கள் நிறுத்தவில்லை. சுவர் எழும்பியது, ஊற்றினார்கள். மழை வந்தது, குடை பிடித்துக்கொண்டு ஊற்றினார்கள். அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஊற்றினார்கள்.

ஒருநாள் காலையில் பார்த்தால் சுவரில் ஒரு வரிசை செங்கல் குறைந்திருந்தது. மறுநாள் இன்னொரு வரிசை.

"திருட்டு" என்றான் சடையாண்டி.

"மேல் வரிசை வச்சது வச்சபடி இருக்குதே" என்றான் மாசாணம்.

"அதான்டா சாமர்த்தியம். அடியிலேர்ந்து உருவுறான்" என்றான் பொன்னுரங்கம்.

மாசாணத்தைச் சுவர் மேல் காவலுக்கு உட்கார வைத்தார்கள். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். மதியச் சாப்பாட்டுக்குள் அவன் கால் தரையைத் தொட்டுவிட்டது. திருடன் மட்டும் வரவில்லை.

மறுபடி ஓவர்சியரிடம் ஓடினார்கள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, "கெட்டி மண்ணு தட்டுப்படற வரைக்கும் அஸ்திவாரம் கீழே போயாகணும்யா" என்றார்.

மூன்று பேருக்கும் உயிர் வந்தது. "அதுதான் தானாவே போயிட்டிருக்கே. ஊருல அவனவன் கூலி குடுத்துத் தோண்டறான். நம்மளுது சொல்லாமலே கெட்டி மண்ணைத் தேடிப் போகுது" என்று பொன்னுரங்கம் பெருமைப்பட்டான். சீக்கிரம் போகட்டும் என்று மேலே கனமாகத் தளமும் போட்டார்கள்.

செவந்திக்கு வலி எடுத்தபோது வாசல்படி மண்ணுக்குள் போயிருந்தது. ஜன்னல் பாதி வெளியே தெரிந்தது.

"ஜன்னல் வழியா மெதுவா நுழைஞ்சுக்க தாயி" என்றான் சடையாண்டி.

"நுழையறேன். பிள்ளையை யாருண்ணே தோண்டி எடுக்கிறது?" என்று கேட்டுவிட்டு, துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அஞ்சலை வீட்டு மேட்டுக்கு ஏறிவிட்டாள். அங்கே, ஓவர்சியர் மெச்சிய அந்த மண்ணின் மேல், சுகப்பிரசவமாகப் பெண் குழந்தை பிறந்தது.

தீட்டுக் கழிக்கும் புண்ணியதானம் முடிந்து குழந்தையோடு இறங்கி வந்தாள். அறையைக் காணோம். தரையோடு தரையாகச் சதுரமாக ஒரு சிமெண்ட் தளம். அதன் மேல் இரண்டு அண்ணன்மார் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"கட்டின அறை எங்கண்ணே?"

"அறையா? அது அஸ்திவாரம் தாயி" என்றான் பொன்னுரங்கம். "நேத்தே கெட்டி மண்ணுல போய் நின்னுருச்சு. இந்தச் சீமையில எவனும் கதவு ஜன்னல் வச்சு அஸ்திவாரம் போட்டதில்ல. இனிமே மேலே அறை எழுப்பறதுதான் பாக்கி. அடுத்த பிரசவத்துக்கு நீ தைரியமா வா."

செவந்தி சுற்றுமுற்றும் பார்த்தாள். "சடையாண்டி அண்ணனைக் காணோமே."

மொட்டை மாடிக்கு ஏறுவதற்காகத் தளத்தில் விட்டிருந்த ஓட்டையை மாசாணம் கை காட்டினான். அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"அண்ணே, நாலு சுவத்துக்கும் வெள்ளையடிச்சாச்சு. ரெண்டாவது தடவையும் அடிக்கட்டுமா?"

பொன்னுரங்கம் ஓட்டையில் குனிந்து பொறுப்பாகச் சொன்னான்:

"அடிச்சு முடிச்சிருடா. நாளைக்கு இந்த ஓட்டையை மூடிட்டா அப்புறம் நீ வெளியே வந்து சுண்ணாம்பு வாங்க முடியாது."