அண்ணாச்சியின் நிகர எடை

தூத்துக்குடியிலிருந்து துறைமுகத்துக்குப் போகிற சாலையில், உப்பளங்களுக்கு நடுவே ஒரு லாரி எடைமேடை இருந்தது. அந்த மேடை ஒருநாளும் தப்பாக எடை காட்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இனிமேல் நடக்கப்போகிற எதற்கும் அந்தப் பாவப்பட்ட இரும்பை யாரும் குறை சொல்லக் கூடாது.

மேடையின் முதலாளி பொன்னுலிங்க அண்ணாச்சி. அறுபத்தெட்டு வயது. அவரிடம் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். லாரியை மேடையில் ஏற்றி நிறுத்துவது ஆவுடை. எடைச்சீட்டு எழுதுவது குருசு. மற்ற வேலைகள் எல்லாம் தவசிக்கு. மற்ற வேலை என்று எதுவுமே இல்லாததால் அவன் எப்போதும் களைப்பாக இருப்பான். மூவரும் அண்ணாச்சிமேல் உயிரையே வைத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு எழுத்து கூடாது, குறையாது.

அண்ணாச்சிக்கு இருதயம் பலவீனமாகிவிட்டது. ரத்தத்தைத் தள்ளுகிற தெம்பு அதற்கு இல்லை என்றார்கள். காலில் நீர் கோக்கும், நெஞ்சில் நீர் சேரும், மூச்சு முட்டும். ஒரே வருஷத்தில் மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, ஆள் பாதியாகிவிட்டார்.

மூன்றாவது முறை வீட்டுக்கு வந்தபோது, கோயம்புத்தூரிலிருந்து மகள் செண்பகவல்லி வந்திருந்தாள்.

"அப்பா, ஒரு மாசம் பார்ப்பேன். ஆஸ்பத்திரிப் பக்கம் போகாம இருந்தீங்கன்னா இங்கேயே இருங்க. இன்னொரு தடவை படுத்தீங்க, மேடையை இழுத்துப் பூட்டிட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கோயம்புத்தூரில் அவள் இருந்தது ஏழாவது மாடி. அங்கிருந்து பார்த்தால் ஒரு லாரிகூடத் தெரியாது. அண்ணாச்சிக்கு அதை நினைத்தாலே மூச்சு வாங்கியது.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெசிந்தா என்கிற நர்ஸம்மா வந்தார். இந்த மாதிரி நோயாளிகளுக்கு வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, பத்து நாளைக்கு ஒருமுறை போனில் விசாரிப்பது அவர் வேலை. எடைமேடையை ஒட்டியிருந்த வீட்டில் அண்ணாச்சியை உட்காரவைத்து, மூவரையும் எதிரே நிறுத்திப் பாடம் எடுத்தார்.

"தினமும் காலையில கக்கூஸ் போயிட்டு, வெறும் வயித்துல, ஒரே மாதிரி உடுப்புல எடை பாக்கணும். மூணு நாளுல ரெண்டு கிலோ ஏறுனா உடனே எனக்குப் போன் போடணும். தண்ணி, காப்பி, கஞ்சி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான். சாப்பாட்டுல உப்பைக் குறைக்கணும். ஊறுகாய், அப்பளம் கூடாது. மெதுவா நடக்கணும். நடக்கும்போது பேச முடியலேன்னா அங்கனயே நிக்கணும்."

குருசு எல்லாவற்றையும் எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். ஜெசிந்தா கையோடு கொண்டுவந்த சின்ன எடை மெஷினில் அண்ணாச்சியை நிற்கவைத்து, ஐம்பத்தொரு கிலோ என்று அட்டையில் குறித்தார். போகும்போது அண்ணாச்சி தோளைத் தட்டி, தைரியம் வரட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார்.

"அண்ணாச்சி, இந்த உடம்பு உங்க வண்டி. நீங்கதான் டிரைவர். ஞாபகம் வச்சிக்கிடுங்க."

அந்த அம்மா அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

மறுநாள் காலை சின்ன மெஷினை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. எடை போடுகிற இடத்தில்தானே எடை போட முடியும்? பெரிய மேடையின் நட்டநடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னால் மூன்று உப்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அண்ணாச்சி காலைத் தூக்கி மெஷினில் வைக்கப் போனபோது, ஆவுடை கையை நீட்டித் தடுத்தான்.

"நில்லுங்க அண்ணாச்சி. போர்டைப் பாத்தியளா?"

போர்டில் அண்ணாச்சியே இருபது வருஷத்துக்கு முன்னால் எழுதவைத்த வாசகம் இருந்தது: எடை போடும்போது ஓட்டுநரும் கிளீனரும் கண்டிப்பாக இறங்கிவிட வேண்டும்.

"டிரைவர் யாருன்னு நேத்து மேடம் சொன்னாவள்லா?" என்றான் ஆவுடை.

"அண்ணாச்சிதான்" என்றான் குருசு.

"அப்ப அவிய எறங்கணும். டிரைவரோட சேத்து எடை போட்டா அது கள்ள எடைவே. நம்ம மேடையில அப்படி ஒண்ணு நடந்திருக்கா?"

நடந்ததில்லை. அண்ணாச்சி இறங்கினார். மறுத்துப் பேச அவருக்கு மூச்சும் இல்லை, போர்டு அவருடையது என்பதால் வாயும் இல்லை.

"கிளீனர் யாரு?" என்று கேட்டான் தவசி.

"அண்ணாச்சிக்கு முதுகு தேய்ச்சி விடுறது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீயும் எறங்கு."

தவசியும் இறங்கினான். குருசு குனிந்து மெஷினைப் பார்த்தான். சைபர்.

"ஒரு சந்தேகம்" என்றான் தவசி. "டிரைவர் எறங்கும்போது வண்டியும் கூடவே எறங்கிட்டே?"

ஆவுடை நெடுநேரம் யோசித்தான். "நல்ல டிரைவர்லா! வண்டிய அம்போன்னு விட்டுட்டுப் போக மாட்டாவ."

"நேத்து அம்பத்தொண்ணு, இன்னைக்கி சைபர். மேடமுக்குப் போன் போடவா?"

"ஏறுனாத்தான் போன் போடச் சொன்னாவ. எறங்குனா போடச் சொல்லல."

குருசு சீட்டு எழுதினான். சரக்கு: அண்ணாச்சி. நிகர எடை: சைபர். இப்படி ஒன்பது நாள் எடை போட்டார்கள். ஒரு நாளும் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்று மூவருக்கும் ஏகப்பட்ட பெருமை.

தண்ணீர் விஷயத்திலும் அவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் கஞ்சி, காப்பி, மோர், ரசம் நான்கையும் ஊற்றி, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டு, கோடு வரைக்கும் சரியாக நிரப்பினான் தவசி. "எல்லாம் சேர்த்து" என்றுதானே சொன்னார்? அண்ணாச்சி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத் தாகமே எடுக்கவில்லை. அந்த மட்டில் அது நல்ல வைத்தியம்தான். நான்காம் நாள் அவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகு தனித்தனியாகக் கொடுத்தார்கள்.

நடைப்பயிற்சிதான் பெரும்பாடு. அண்ணாச்சி பிறவியிலேயே பேசாத ஆள். "ம்", "சரி", "அடுத்த வண்டி" என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஆயுளை ஓட்டியவர். பத்தடி நடப்பதற்குள் மூன்றும் தீர்ந்துவிடும்.

"பேச்சு நின்னுட்டு! நில்லுங்க அண்ணாச்சி!" என்று ஆவுடை கத்துவான். இருவர் நாற்காலியோடு ஓடிவந்து அவரை அதில் வைத்து வீட்டுக்குத் தூக்கிவருவார்கள். அவர் நடந்ததைவிடத் தூக்கப்பட்டதுதான் அதிகம். கடைசியில் குருசுக்கு ஒரு யோசனை வந்தது. வரிசையில் நிற்கிற லாரிகளின் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே அண்ணாச்சி நடந்தார். மூன்று லாரி வரைக்கும் போக முடிந்தது.

உப்பைக் குறைக்கச் சொன்னதை அவர்கள் அடியோடு நிறுத்தினார்கள். குழம்பில் ஒரு கல் உப்பு கிடையாது. உப்பு லாரி போனால் அண்ணாச்சி கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார்கள். ஆனால் உப்பில்லாத சோறு அவருக்கு உள்ளே இறங்கவில்லை. அதைப் பார்த்து மூவருக்கும் மனசு கேட்கவில்லை.

"தொட்டுக்க நாலு நெத்திலிக் கருவாடு வறுத்து வைப்போமா?" என்றான் தவசி.

"மேடம் என்ன சொன்னாவ?"

குருசு சீட்டைத் திருப்பிப் பார்த்தான். "உப்பு இருக்கு. ஊறுகாய் இருக்கு. அப்பளம் இருக்கு. கருவாடு இல்ல."

"அப்ப வறுவே."

அன்றிலிருந்து மூன்று வேளையும் கருவாடு. அண்ணாச்சி ஆசையாகச் சாப்பிட்டார். மூவரும் எதிரே உட்கார்ந்து கண்கலங்கப் பார்த்தார்கள். பத்தாம் நாள் அண்ணாச்சியின் செருப்பு காலில் நுழையவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்று முடிவுசெய்து, ஆவுடை அதை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் போன் வந்தது.

"எடை எப்படி இருக்கு?"

"சைபர் மேடம்" என்றான் குருசு. "ஒன்பது நாளா சைபர். கல்லு மாதிரி நிக்கி."

ஜெசிந்தா மெஷினைப் பழுதென்று நினைத்தார். பிறகு குருசு விளக்கினான். ஜெசிந்தா அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

"டிரைவரை ஏத்துங்க" என்றார் கடைசியில். "இப்பவே."

ஏற்றினார்கள். ஐம்பத்தைந்து.

"மேடம்!" குருசு போனிலேயே அலறினான். "ஒரே நிமிஷத்துல அம்பத்தஞ்சு கிலோ ஏறிட்டு!"

"நாலு கிலோ ஏறியிருக்கு. கணுக்காலுக்கு மேல விரலால அழுத்தி எடுங்க. குழி விழுதா?"

"விழுந்துட்டு மேடம். மண்ணு போட்டு மூடணுமா?"

"யாரும் ஒண்ணும் செய்யாதிய! நான் வாரேன்!"

ஆனால் மேடையில் பாரம் அதிகமாக இருந்தால் சும்மா நிற்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. கூடுதல் பாரத்தை இறக்கி வேறு வண்டிக்கு மாற்றுவதுதான் முறை. நான்கு கிலோவை இறக்க வேண்டும். அண்ணாச்சியின் சட்டையைக் கழற்றி ஆவுடை போட்டுக்கொண்டான். கண்ணாடியைத் தவசி மாட்டிக்கொண்டான். பல்செட்டைக் குருசு உள்ளங்கையில் ஏந்தி நின்றான்.

"இன்னும் மூணரைக் கிலோ பாக்கி" என்றான் ஆவுடை. அண்ணாச்சி வெற்றுடம்போடு நாற்காலியில் சாய்ந்து, வாய் திறந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஆவுடை சட்டையைக் கழற்றி அவர்மேலேயே போர்த்தினான். மூவரும் சின்னப் பிள்ளைகளைப்போல ஓவென்று அழுதார்கள். முட்டாளுக்கும் பயம் பயம்தான். ஏழாவது மாடியைவிட எட்டாத இடம் ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஜெசிந்தா கால்மணி நேரத்தில் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, டாக்டருக்குப் போன் போட்டார். நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டச் சொன்னார் டாக்டர். இரண்டு நாளில் எடை இறங்கினால் வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. கருவாட்டுச் சட்டியைக் கண்டதும் ஜெசிந்தா அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தார்.

"கருவாட்டுல எவ்வளவு உப்புன்னு தெரியுமாவே?"

"சீட்டுல இல்லையே மேடம்" என்றான் குருசு. ஜெசிந்தா சீட்டை வாங்கி, தன் கையாலேயே கருவாடு என்று பெரிதாக எழுதினார்.

அந்த இரண்டு நாளும் மூவரும் கக்கூஸ் வாசலிலேயே குத்தவைத்திருந்தார்கள். அண்ணாச்சி வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார்கள். மூன்றாம் நாள் காலை, டிரைவர் ஏறி நிற்க, மெஷின் ஐம்பத்தொன்றரை காட்டியது. குருசு சீட்டை வீட்டுச் சுவரில் ஒட்டினான்.

மாதம் முடிந்த அன்று செண்பகவல்லி காலி சூட்கேஸோடு வந்தாள். ஜெசிந்தாவும் வந்திருந்தார். சுவரில் பதினெட்டு சீட்டு, எல்லாம் ஐம்பத்தொன்று, மிஞ்சினால் ஐம்பத்தொன்றரை. அதற்கு முந்தைய சீட்டுகளையெல்லாம் மகள் வருவதற்குள் ஜெசிந்தாவே கிழித்துவிட்டார். அண்ணாச்சி அன்று காலை பதினான்கு லாரி தூரம் நடந்திருந்தார். செண்பகவல்லி அப்பாவின் காலைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இங்கேயே இருங்கப்பா. நான் இருந்தாக்கூட உங்களை இப்படிப் பார்த்திருக்க மாட்டேன். அவங்க மூணு பேரும் பொறுப்பானவங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஜெசிந்தாவின் போன் அடித்தது. வெளியே எடைமேடையிலிருந்து குருசு.

"மேடம், ஓடி வாங்க! மூணு நாளுல ரெண்டு ஏறிட்டு!"

ஜெசிந்தா எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். "யாருக்குவே?"

எல்லோரும் வெளியே வந்தார்கள். மேடையில் ஒரு லாரி நின்றது. ஆவுடை அதன் டயரைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் குழி பார்த்துக்கொண்டிருந்தான். தவசி, மிச்சமிருந்த நீர் மாத்திரையை டீசல் டேங்கில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். டிரைவர் ஏறியே இருக்க வேண்டும் என்று அவர்கள் பிடித்த பிடியில் லாரிக்காரன் இறங்கவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், "நான் கக்கூஸ் போனா உங்களுக்கு என்ன, போகாட்டி உங்களுக்கு என்ன?" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை இருபத்துநாலு டன் மேடம்" என்றான் குருசு. "இன்னைக்கி இருபத்தாறு!"

செண்பகவல்லி வாசலில் வைத்திருந்த சூட்கேஸின் கைப்பிடியை மெதுவாகப் பிடித்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள், அண்ணாச்சி லாரியின் நம்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டே, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் மேடைவரை நடந்துபோனார். பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் முகம் கடுகடுவென்று மாறியது. பிறகு அவர் ஆயுளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"ஏலே, கூறுகெட்டவனுவளா! உள்ள பூரா உப்பா இருக்கு. மேடம் படிச்சுப் படிச்சுச் சொன்னாவள்லா? இம்புட்டு உப்பை ஏத்துனா எடை ஏறாம என்னலே செய்யும்? மொதல்ல இதை எறக்கிட்டு, வண்டிக்கு ஒன்றரை லிட்டர் கஞ்சி ஊத்துங்க."