பாதி இலையில் எழுந்த ராஜா

மருதவெளி என்று ஒரு நாடு. வேல்நம்பி என்று ஒரு ராஜா அதை ஆண்டது ரொம்பப் பழைய காலம். நல்லவன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், மூளையைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவான். புகழ்வதற்கென்றே பக்கத்தில் கச்சிராயர் என்று ஒருவர் இருந்தார். அவர் கண் முழுக்க அமைச்சர் திருமேனியின் விரலில் இருந்த முத்திரை மோதிரத்தின் மேல்.

அறுவடை முடிந்ததும் அந்த நாட்டில் பல நாள் ஊர்விருந்து நடக்கும். அந்த நாட்களில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது, அரண்மனை உட்பட. ராஜாவிலிருந்து ஏர் பிடிப்பவர்வரை ஒரே பந்தி. பந்திக்குத் தலைவர் மட்டும் ராஜா இல்லை. பழைய தளபதி அறவாழியார். ராஜா தொட்டிலில் கிடந்தபோது நாட்டைக் கட்டிக்காத்து, பிள்ளை வளர்ந்ததும் கிரீடத்தைத் தூசி தட்டி அப்படியே கொடுத்துவிட்டு ஒதுங்கியவர். கடைசி ஆள் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்து அவர் "எழலாம்" என்றால்தான் எழவேண்டும். அதுவரை கை காய்ந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ராஜாவோ ரசம் வருவதற்குள் மோரைத் தேடுகிற ஆள். பெரியவருக்குப் பல் இல்லை. சோற்றைக் குழைத்துக் குழைத்து அவர் விழுங்குவதற்குள் ராஜாவுக்குக் காலே மரத்துவிட்டது.

கச்சிராயர் காதருகே குனிந்தார். "எட்டுத் திக்கும் தங்களுக்காகக் காத்திருக்கிறது. தாங்கள் ஒரு கிழவரின் தயிர்சோற்றுக்காகக் காத்திருப்பதா? பெரியவர் எழுந்தால் பந்தி எழவேண்டும். தங்களைவிடப் பெரியவர் யார் அரசே?"

ராஜா எழுந்தான். "பந்தி எழுந்தது!" என்று கச்சிராயர் கைதட்டினார். சனம் முழுக்கப் பாதி இலையில் எழுந்தது. அறவாழியாரும் வாயில் கவளத்தோடு, தரையில் கை ஊன்றி எழுந்தார். ராஜாவுக்கு உள்ளே சுருக்கென்றது. வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டான். அதிலிருந்து வேளாவேளைக்கு இதே கூத்து.

"அரசே, ஊரே அரைவயிற்றோடு எழுகிறது" என்றார் திருமேனி.

ராஜாவுக்குக் கூசியது. கூசினால் மனிதனுக்குக் கோபம்தானே முதலில் வருகிறது? "உபதேசமா? விருந்து முடிவதற்குள், இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், என்னைக் கடைசி இலைவரை உட்கார வையும் பார்ப்போம். முடியாவிட்டால் மோதிரத்தைக் கழற்றிக் கச்சிராயரிடம் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேரும்!"

திருமேனி கும்பிட்டார். குதிரை ஏறிப் போனவர் திரும்பி வரும்போது கூடவே ஒரு பல்லக்கு வந்தது. இறங்கியவர் பேரரசி மங்கைநாச்சியார். வேல்நம்பி கப்பம் கட்டுவது அவருக்கு. பெண் எடுத்ததும் அவரிடம்தான்.

கச்சிராயருக்குத் தலைகால் புரியவில்லை. "பெரியவர் எழுந்தால் பந்தி எழவேண்டும் பேரரசி! அடியேன் வகுத்த முறை!"

"ஓகோ, உங்கள் மூளையா? பேஷ் ராயரே."

இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் உருகியது. ராஜா பிசைந்து முதல் கவளத்தை எடுத்தான். மங்கைநாச்சியார் எழுந்துவிட்டார். "பந்தி எழுந்தது!" என்று பழக்கதோஷத்தில் கூவினார் கச்சிராயர்.

"அத்தை! இன்னும் குழம்பே வரவில்லையே!"

"எனக்குப் போதும் மாப்பிள்ளை. வந்த இடத்தில் உங்கள் முறையை நான் மீறலாமா?"

இரவிலும் அதேதான். மறுநாளும் அதேதான். ராஜா பசி தாங்காமல் அரண்மனைச் சமையல்கட்டுக்குப் போனான். அடுப்புக்குள் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மாமியாரின் பல்லக்கில் ஒரு தூக்கு நிறைய முறுக்கு இருந்த விஷயம் அவனுக்குத் தெரியாது. அமைச்சரைப் பிடித்து, "ஏதாவது சொல்லுமேன் ஐயா!" என்று கெஞ்சினான். திருமேனி தன் வாயைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை விரித்தார்.

விருந்தின் கடைசி வேளை. பருப்பும் நெய்யும் இலைக்கு வந்தன, மாமியார் எழுந்தார், கச்சிராயர் கூவினார். ராஜாவும் எழுந்தான். எப்போதும் வாசலைப் பார்த்து எழுகிறவன், அன்றைக்குப் பசியில் இலையை விட்டுக் கண்ணை எடுக்கமுடியாமல் நின்றான். தன் இலைக்கு அடுத்து அறவாழியாரின் இலை தெரிந்தது. தொட்ட இடம்கூடத் தெரியாமல் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த இலையும் அப்படித்தான். வரிசை நெடுக அப்படித்தான். நான் இரண்டு நாளில் துடித்துப்போனேனே, இவர் நான் எழுந்த அன்றிலிருந்தே இப்படியா? நாட்டையே கையில் வைத்திருந்து கொடுத்துவிட்டுப் போனவருக்கு, ஒரு பிடி சோறு தின்ன நான் நேரம் கொடுக்கவில்லையா?

ராஜாவுக்குக் காது மடல்வரை சுட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அரசே! பேரரசி எழுந்துவிட்டார்! முறை..."

"வாயை மூடும் ராயரே. ஐயா இன்னும் சாப்பிடவில்லை." பெரியவர் பக்கம் திரும்பினான். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் இலையைப் பார்த்துத்தான் பேச வந்தது. "பந்தி உங்களுடையது ஐயா. உட்காருங்கள். நீங்கள் சொன்னால்தான் எழுவேன்."

"அப்பாடா!" என்று மங்கைநாச்சியாரும் உட்கார்ந்தார். "முறுக்கு தின்று தின்று வாய் புண்ணாகிவிட்டது. ஓய் ராயரே, நிற்கிறவர் சும்மா ஏன் நிற்கிறீர்? நெய்க் கிண்ணத்தை எடும்."

"கடைசி இலைவரை நீர்தான் பரிமாறவேண்டும்" என்றான் ராஜா. கச்சிராயர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஏர்க்காரர்கள் "இங்கே கொஞ்சம் ஊற்றுங்க சாமி" என்று கேட்கக் கேட்க, குனிந்து குனிந்து நெய் ஊற்றினார்.

"அமைச்சரே, மோதிரம் உம்முடையது. என்ன வேண்டுமோ கேளும். இனிமேல் பேசலாம்."

"முதலில் குழம்பு வரட்டும் அரசே."

பந்தி சிரித்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பசியும் எங்கே போயிற்றோ, சோற்றை அளைந்தபடி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அறவாழியார் நிதானமாகக் குழைத்து, நிதானமாக விழுங்கி, மோர்வரை சாப்பிட்டு முடித்தார். பந்தி முழுக்கச் சாப்பிட்டு முடித்திருந்தது. "எழலாம்" என்ற வார்த்தைக்காக எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

பெரியவர் பக்கத்து இலையை எட்டிப் பார்த்தார். மறுபடி சம்மணத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"இருங்கப்பா" என்றார். "பிள்ளை இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை."

ராஜா தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். அவன் முடிக்கிறவரை ஒருவரும் அசையவில்லை.